துருவச் சேற்றில் ஒரு பொட்டு

மூக்கு அரித்தது. சொறிய முடியாத நேரமாகப் பார்த்துத்தான் அதற்கு அரிப்பு எடுக்கும், என்ன பகையோ. இசக்கியம்மாள் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, உறைக்கு மேல் உறை போட்ட கை, கண்ணாடி போட்ட கண் மட்டும் வெளியே. மூக்குத்தியைக் கழற்றிவைத்து இரண்டு மாதம் ஆகிறது. ஓட்டை தூர்ந்துபோயிருக்கும், அதுதான் அரிக்கிறது, அம்மா பார்த்தால் தீர்ந்தது கதை. மெட்டி இல்லை, வளையல் இல்லை, கண்ணுக்கு மை இல்லை, பவுடர் இல்லை, தலைக்கு எண்ணெய்கூட இல்லை. முடி தேங்காய் நார் மாதிரி உள்ளே குத்துகிறது. இந்த அறைக்குள் எந்த உலோகமும் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. கடலில் ஈயம் எவ்வளவு, பாதரசம் எவ்வளவு என்று அளக்க வந்தவள் தன் மெட்டியை அளந்துவிட்டுப் போனால் சந்தி சிரிக்கும். வட துருவத்துக்குப் பக்கத்தில், பனிமலை இரண்டுக்கு நடுவே கடல் நாக்கை நீட்டினாற்போல உள்ளே நுழைந்திருக்கும் இடம், அதன் கரையில் நாலைந்து மரவீடுகள், அதில் ஒன்றில் இந்த அறை. ஜன்னலில் சூரியன் எட்டிப் பார்க்கலாமா வேண்டாமா என்று மலைக்குப் பின்னால் யோசித்துக்கொண்டிருந்தது. பகல் பதினொன்று, ஊரில் என்றால் தார் உருகும். மெஷின் உறுமியது. அதன் சின்னக் கை நகர்ந்து போய் முதல் குழாய்க்குள் மூக்கை விட்டது, கோழி கொத்துவது போல. உறிஞ்சு, உறிஞ்சு, உனக்குத்தான் காத்திருக்கிறேன். முதலில் சுத்தத் தண்ணீர், அடுத்து எவ்வளவு ஈயம் என்று உலகத்துக்கே தெரிந்த ஒரு சேறு, அதற்கப்புறம் நம்முடைய சேறு மூன்று குழாய். கடைசியில் அந்தப் பஞ்சு. பஞ்சை நினைக்காதே. நினைக்காதே என்றால் நினைப்பு கேட்குமா? போன தடவை இதே கடலின் அடிச்சேற்றில் கிலோவுக்கு ஈயம் நூற்றுத் தொண்ணூறு மில்லிகிராம் காட்டியது. பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுத் தொண்ணூறு. அது நிஜமென்றால் இந்தக் கடல் கெட்டுப்போனது, மனிதன் தங்காத இடத்தின் அடிமடியிலும் அவன் விஷம் போய்ச் சேர்ந்துவிட்டது. பொய்யென்றால் அதற்குக் காரணம் ஒரு பொட்டு.

பொட்டு வைத்தவர் கோமதிநாயகம் அண்ணாச்சி. படகு, கயிறு இழுக்கும் விஞ்ச், சேறெடுக்கும் குழாய், பனியில் ஓடும் வண்டி எல்லாம் அவர் பொறுப்பு. தென்காசிப் பக்கத்துக்காரர். இந்தப் பருவத்தில் நிலையத்தில் இருக்கும் இந்தியர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். ஆயுத பூஜை அன்றைக்குக் காலையில் அவர் குளித்து, பனி உடுப்புக்கு மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்ற கோலம் இருக்கிறதே, அதை நினைத்தாலே இசக்கிக்கு முகமூடிக்குள் சிரிப்பு முட்டியது. சிரித்தால் கண்ணாடியில் ஆவி படியும், சிரிக்காதே. பொரி, கடலை, சந்தனம், குங்குமம் எல்லாம் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாழைப்பழத்துக்கு மட்டும் வழியில்லை, ஆப்பிளை வைத்தார். படகுக்குப் பொட்டு, விஞ்சுக்குப் பொட்டு, காபி போடும் மெஷினுக்கும் பொட்டு. அடுத்த வீட்டு நார்வேக்காரர்கள் வரிசையில் நின்று நெற்றியைக் காட்டினார்கள். இந்த அறை வாசலில் அவள் மறித்துக்கொண்டு நின்றாள். "அண்ணாச்சி, உள்ள ஒரு துளி வந்தாலும் என் பொழப்பு போச்சு. சேத்துக்குழாய்லயும் வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்." "சரி தாயி, வைக்கல," என்றார். மற்றவர்கள் முன்னால் மேடம், தனியே தாயி. தலையை ஆட்டிய மனுஷர் ராத்திரி முழுக்கப் புரண்டிருக்கிறார். மற்ற ஆயுதமெல்லாம் பூஜை கண்டிருக்க, கடலுக்குள் இறங்கப் போகிற ஆயுதம் மட்டும் மூளியாகப் போவதா? மறுநாள் படகில் ஏறுவதற்கு முன்னால், குழாயின் வாய் விளிம்பில், உள்பக்கமாக, யார் கண்ணுக்கும் படாத இடத்தில், சின்னதாக ஒன்று வைத்துவிட்டார். மேடத்துக்குத் தெரியாமல் மேடத்துக்காகவே வைத்தது. நல்லபடியாகச் சேறு வரவேண்டுமே! சேறு நல்லபடியாகத்தான் வந்தது, ஈயத்தோடு. ஒரு வாரம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவள் தூங்கவில்லை. பிறகு குழாயைக் கழற்றிக் கழுவும்போது விளிம்பில் ரோஜா நிறத்தில் ஒரு தீற்றல். அதைப் பஞ்சில் ஒற்றித் தனியே எடுத்து வைத்தாள். அப்போது அவளுக்கு வந்தது கோபமா? கோபமும் வந்தது. ஆனால் கோபத்துக்கு முன்னால் வந்தது வேறொன்று, வயிற்றிலிருந்து மேலே குப்பென்று ஏறிய ஒரு சந்தோஷம். அப்படியானால் கடல் தப்பித்திருக்கலாம். கலாம்தான். அந்தக் கலாமைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் ஓட்டுகிறாள்.

மெஷினின் கை முதல் குழாயைவிட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. இது ஒரு சோம்பேறிக் கை. கடல் தப்பித்திருக்கட்டும், தப்பித்திருக்கட்டும் என்று மனசு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோதே அதன் ஒரு மூலையில் இன்னொருத்தி உட்கார்ந்து, நூற்றுத் தொண்ணூறே வரட்டும் என்றாள். யார் இவள்? இவளை இசக்கிக்குத் தெரியும், ரொம்ப நாள் பழக்கம். எம்.எஸ்ஸி படிக்கையில் வீட்டில் ஓர் ஈயச்சொம்பு இருந்தது. பக்கத்து வீட்டு டீச்சர் மாற்றலாகிப் போகும்போது அம்மாவுக்குக் கொடுத்தது, ரசம் வைத்தால் தெருவே மணக்கும். வகுப்பில் உலோக நஞ்சு பற்றிப் பாடம் நடந்த அன்று இசக்கிக்குச் சாமி வந்துவிட்டது. இந்தச் சொம்பில் காரீயம் கலந்திருக்கிறது, நம் குடும்பமே விஷம் குடிக்கிறது, நிரூபிக்கிறேன் பார் என்று சொம்பைப் பையில் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள், தோழிகளிடம் எல்லாம் சொல்லி வைத்தாள். சோதித்துப் பார்த்தால் சுத்த வெள்ளீயம், காரீயம் மருந்துக்கும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. சொம்பைக் கொண்டுபோய் அடுப்படித் திண்டில் வைத்தாள். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "விஷம் இல்லன்னதும் மூஞ்சி ஏன்ட்டி இப்படிப் போவுது? ஒன் வீட்டுச் சோத்துல விஷம் இருக்கணும்னு வேண்டிக்கிட்டியா?" என்றாள். அதே பெண்தான் இவள், அந்த மூலைக்காரி. ஊரில் ஆபீஸில் ஏற்கெனவே காதோடு காதாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், நூற்றுத் தொண்ணூறு என்றால் பெரிய கண்டுபிடிப்பு, பேப்பரில் வரும், கூட்டத்துக்குக் கூட்டம் கூப்பிடுவார்கள், இசக்கியம்மாள் என்ற பெயரை வெள்ளைக்காரன் பல்லை உடைத்துக்கொண்டு உச்சரிப்பான். பதினைந்து என்றால்? பதினைந்து என்றால் ஒன்றுமில்லை. ஒரு பருவம் முழுக்கக் குளிரில் விரைத்துச் சேறு அள்ளி, ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். சீ, கழுதை, நீ வாயை மூடு என்று மூலைக்காரியை அதட்டினாள். அவள் மூடிக்கொண்ட மாதிரி தெரிந்தது, மூடியிருக்க மாட்டாள். அளக்கிறவளுக்கு ஆசை இருந்தால் எண் பொய் சொல்லுமா? சொல்லாது, எண்ணுக்கு இவள் ஆசை தெரியாது. அதுதான் எண்ணிடம் இவளுக்குப் பிடித்தது. ஆனாலும் ஜன்னல் வெளிச்சம் மேஜை மேலிருந்த அமிலப் பாட்டிலைத் தொடுவதற்குள் கை எழுந்துவிட்டால் நல்லது நடக்கும் என்று கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவள் மாதிரி ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். கை எழவில்லை, வெளிச்சம் தொட்டுவிட்டது. இது செல்லாது, வேறு பாட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒரு டாக்டரேட் வாங்கினவள் செய்கிற காரியமா இது? டாக்டரேட் மூக்கு அரிப்பையே நிறுத்தவில்லை, மனசை எங்கே நிறுத்தப் போகிறது!

வெளிச்சம் மஞ்சளும் ரோஜாவுமாக பாட்டிலிலிருந்து மேஜைக்கு இறங்கியது. அப்படித்தான் அன்றைக்கும் இருந்தது, இரண்டாம் தடவை சேறெடுக்கப் போன அன்று. குழாயைக் கழுவு கழுவென்று கழுவி, அமிலத்தில் ஊறப்போட்டு, மறுபடி கழுவி, அண்ணாச்சியைத் தொடவிடாமல் அவளே தூக்கிக்கொண்டு போனாள். அவர் படகின் பின்னால் குற்றவாளி போல உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்திருந்தார். தண்ணீர் எண்ணெய் மாதிரி அசைந்தது. ஐஸ் துண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்று பேசின, உள்ளே அடைபட்ட பழைய காற்று படபடவென்று வெடித்து வெளியே வந்தது. ஒரு சீல் தலையைத் தூக்கி, இவர்கள் வழக்கு என்னவென்று கேட்கிற முகத்தோடு பார்த்துவிட்டு முங்கியது. அந்த இடத்தில் அண்ணாச்சி வாயைத் திறந்தார். "தாயி, ஒண்ணு சொல்லட்டா? அது கடையில வாங்கின குங்குமம் இல்ல. என் வீட்டுக்காரி கையால மஞ்சளக் காய வச்சு, அரைச்சு, எலுமிச்சம்பழம் புழிஞ்சு பண்ணினது. வருசா வருசம் பண்ணுவா. அதுல எங்க இருந்து ஈயம் வரும்?" அவளுக்கும் அதே கேள்விதான். சுத்தமான மஞ்சள் குங்குமம் என்றால் ஈயம் அதில் இல்லை, அப்படியானால் ஈயம் கடலில். "அப்ப கடல்லதான் இருக்குன்னு சொல்லுதியளா அண்ணாச்சி?" அவர் ஐஸைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், சீல் முங்கிய இடத்தைப் பார்த்தார். "இவ்வளவு அழகா இருக்கிற தண்ணில விசம் இருக்கட்டும்னு எந்த வாயால சொல்ல? ஆனா அவ குங்குமத்துல கலப்படம்னு வந்தா நான் வீட்டுக்குள்ள எப்படிக் காலெடுத்து வைக்க? எனக்கு எதை வேண்டிக்கிடன்னே தெரியல தாயி." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், படகு ஆடியது, அவரும் சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீரோடு. பிறகு குழாய் இறங்கி ஏறியது. மேலே வந்த சேறு! சாம்பல் நிறத்தில், வழுவழுவென்று, தோசைமாவு பதத்தில். மேலோட்டில் ஒரு சின்னப் புழு நெளிந்துகொண்டிருந்தது, இத்தனை குளிரில், இத்தனை ஆழத்தில், யாரையும் கேட்காமல் உயிரோடு. விரற்கடை சேறு சேர ஓர் ஆயுள் பிடிக்கும் கடலடி. மேலே இருப்பது நம் காலம், கீழே போகப்போக தாத்தா காலம், அதற்கும் கீழே ஈயம் கலந்த பெட்ரோல் என்ற ஒன்றை யாரும் எரிக்காத காலம். அந்தப் புழுவிடம் அவளுக்குத் திடீரென்று ஒரு பாசம் வந்துவிட்டது. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தமிழில் சொன்னாள், சத்தமாகவே. அதிலிருந்து மூலைக்காரியின் குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது, அது உண்மை.

டக். கை எழுந்துவிட்டது. சுத்தத் தண்ணீரில் ஒன்றுமில்லை என்று திரை சொன்னது. சபாஷ், அறை சுத்தம், மெட்டி இல்லை, மை இல்லை, இசக்கி ஒழுங்கு. அடுத்தது தெரிந்த சேறு, வரவேண்டிய எண் அச்சடித்தாற்போல வந்தது. மெஷினும் ஒழுங்கு. இனி ஒளிந்துகொள்ள இடமில்லை. கை மூன்றாவது குழாய்க்கு மேலே போய் நின்றது, இறங்கியது. இப்போது பயம் வந்தது. நூற்றுத் தொண்ணூறு வந்தால் அந்தப் புழுவுக்கு என்ன பதில் சொல்வது, சீலுக்கு, சீலைத் தின்கிற கரடிக்கு, மீனை நம்பியிருக்கிற வடக்குச் சனங்களுக்கு? வரட்டும் வரட்டும் என்று சொன்ன மூலைக்காரியைக் காணோம், எங்கேயோ கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாள், அந்தக் குரலே இல்லை. வேண்டாம், பேப்பரும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம், பதினைந்து போதும், பதினாறு என்றாலும் சரி, இருபதுவரை பொறுத்துக்கொள்வேன், அம்மா தாயே. மூக்கு அரித்தது, யாருக்கு வேண்டும் மூக்கு? திரையில் கோடு எழும்பியது. எழும்பாதே, போதும், நில். நின்றது. பதினான்கு. அவள் பார்த்தாள். கண்ணாடியில் ஆவி படிந்து எண் மங்கிவிட்டது, அழுகிறோம் போலிருக்கிறது, பரவாயில்லை. அடுத்த குழாய், பதினைந்து. அடுத்தது, பதினான்கு. எழுந்திருக்கக் கூடாது என்ற விதி அவளே போட்டது, அவளே எழுந்தாள். வெள்ளை உடுப்பு சரசரக்க நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள், சின்னப் பெண் கும்மிக்குச் சுற்றுவது மாதிரி, கையை மட்டும் எதன் மேலும் படாமல் தூக்கிக்கொண்டு. ஒன்றுமில்லை! ஒன்றுமே இல்லை! சொம்பில் ஒன்றுமில்லை என்றபோது அழுதவள்தான் இன்றைக்கு ஒன்றுமில்லை என்று ஆடுகிறாள். கடல் நன்றாயிருக்கிறது, புழு நன்றாயிருக்கிறது, ஒரு பருவத்து உழைப்பில் கண்டுபிடித்தது பூஜ்யம், இவ்வளவு பெரிய பூஜ்யத்தை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. கடைசியாகக் கை பஞ்சுக் குழாய்க்குள் இறங்கியது, விளிம்பில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் துடைத்த பஞ்சு. கோடு எழும்பித் திரையின் உச்சியை முட்டிக்கொண்டு நின்றது. எண்ணே காட்டவில்லை, அளவுக்கு மேல் என்று சிவப்பில் எழுத்து வந்தது. நிறத்துக்காக ஈயச் செந்தூரம் கலந்த மட்டமான சரக்கு. அட அண்ணாச்சி, மாட்டிக்கொண்டீர்களே என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

உடுப்பை உரித்துப் போட்டுவிட்டு, முதல் காரியமாக மூக்கை ஆசை தீரச் சொறிந்தாள். பிறகு நடையில் ஓடினாள். கோமதிநாயகம் சமையலறையில் ஆறிப்போன காபியை வைத்துக்கொண்டு உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! கடல் சுத்தம்! ஒண்ணுமே இல்ல!"

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். சூரியன் அப்போதுதான் மலை விளிம்பில் வந்து உட்கார்ந்திருந்தது, அவர் முகமெல்லாம் வெளிச்சம். "நல்லாயிருக்கட்டும், நல்லாயிருக்கட்டும்," என்றார். பிறகு மெதுவாக, "அப்ப அது குங்குமம்தானா?"

"குங்குமம்தான். பூராவும் ஈயம். மெஷினே திணறிப்போச்சு. வீட்ல திட்டு வாங்கத் தயாரா இருங்க." அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தாயி, அவ அதத்தான தெனமும் நெத்தியில வச்சுக்கிடுதா. வகிட்டுலயும் வைப்பா. அந்தக் கையோடயே அடுப்படிக்குப் போவா."

இசக்கிக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. ஈயம் என்ன செய்யும் என்று உலகத்துக்கே பாடம் நடத்துகிறவள் அவள். கடலை நினைத்தாள், சீலை நினைத்தாள், ஒரு புழுவைக்கூட நினைத்தாள். அந்த நெற்றி அவள் நினைப்பில் வரவே இல்லை. வெட்கமாக இருந்தது. "போன் போடுங்க, இப்பவே. ஒடம்புக்குள்ள போறது கம்மியாத்தான் இருக்கும், நிறுத்திட்டா சரியாயிரும். ஊருக்குப் போனதும் ரத்தம் ஒண்ணு டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். போடுங்க."

நிலையத்துப் போனை ஸ்பீக்கரில் வைத்தார். ஊரில் பிற்பகல், பின்னால் டிவி சீரியல் அழுதுகொண்டிருந்தது. "என்னங்க இந்நேரத்துல? சாப்பிட்டியளா?" என்றது அவர் வீட்டுக்காரி செண்பகவடிவின் குரல்.

அவர் வாயைத் திறந்தார். எப்படிச் சொல்ல? கட்டின புருஷன், கண்காணாத தேசத்திலிருந்து, பட்டப்பகலில், பெண்டாட்டியிடம் பொட்டை அழி என்று சொல்வதா? நாக்கு அழுகிப்போகாதா? இசக்கியைக் கெஞ்சும் கண்ணோடு பார்த்தார். அவளும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். தாலி கட்டிக்கொண்டவளிடம் சொல்ல அந்த வார்த்தை அவள் வாயிலிருந்தும் வராது, டாக்டரேட் எல்லாம் அந்த இடத்தில் செல்லாது.

"ஏளா வடிவு," என்றார் கடைசியில், "போயி மொகத்தக் கழுவு."

"என்னது?"

"சோப்புப் போட்டு நல்லாக் கழுவு. வகிட்டையும் கழுவு. கழுவினதும் ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணு எடுத்து ஒட்டிக்க. இருக்கதுலயே பெருசா ஒட்டிக்க. ஒடனே ஒட்டிரணும், கேட்டியா?"

"இதச் சொல்லவா அங்கன இருந்து போன் பண்ணுதிய? குளிர்ல புத்தி கித்தி கலங்கிருச்சா?"

"அந்தக் குங்குமத்துல ஈயம் இருக்குளா. மேடம் மெஷின்ல போட்டுப் பாத்துட்டாவ. நீ அரைச்சதுல எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல."

அந்தப் பக்கம் சீரியல் சத்தம் குறைந்தது. "நான் எங்க அரைச்சேன்," என்றாள் செண்பகவடிவு. "கை வலி வந்ததுல இருந்து மூணு வருசமா வாங்குதது. திருவிழாவுல கூடைக்காரன் வித்தான், நல்லாச் செக்கச்செவேல்னு இருந்துச்சு. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் நீ அரைச்ச மாதிரி வராதுன்னு மெச்சிக்கிட்டிய. நான் ஏன் வாயத் தொறக்கேன்?"

இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். கோமதிநாயகத்தின் மீசை துடித்தது, கோபத்தில் இல்லை, சிரிப்பில். "சரி, அது போவட்டும். டப்பாவ எடுத்து..."

"வாய்க்கால்ல கொட்டச் சொல்லிராதீங்க," என்று இசக்கி அவர் காதில் கிசுகிசுத்தாள்.

"வாய்க்கால்ல கொட்டிராத. மூடிக் கட்டி பரண்ல வையி, நான் வந்து பாத்துக்கிடுதேன். இப்பப் போயிக் கழுவு. போன வைக்காத, நான் லைன்லயே இருக்கேன்."

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் வாளியில் விழுந்தது, அள்ளி அடிக்கிற சத்தம், மறுபடி அள்ளி அடிக்கிற சத்தம். கோமதிநாயகம் போனுக்கு மேலே குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீரையே கேட்டுக்கொண்டு நின்றார். இசக்கியும் அவர் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் நின்றது. அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. "எங்கிட்டுப் போச்சு அந்த அட்டை," என்று தேடுகிற குரல் தூரத்தில் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒட்டியாச்சு," என்றாள் செண்பகவடிவு. "பெரிய பொட்டுதான். போதுமா?"

"போதும்ளா," என்றார் அவர். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.